வூர்ட்ஸ்பர்க் அரண்மனை ஓவியங்களில் சடங்கும் அதிகாரமும்

முன்னுரை

ரொகோகோ ஓவியம் மென்னிறங்களையும் இன்பக் காட்சிகளையும் மட்டுமே நாடியது என்னும் கருத்துப் பரவலாக உண்டு. ஆயினும், அவ்வோவியம் ஆட்சியுரிமையை நிலைநாட்டும் கருவியாகவும் விளங்கியதை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அரண்மனையில் காண்கிறோம். அந்நகரின் ஆயர், சமயத் தலைவராகவும் நாடாளும் இளவரசராகவும் ஒருங்கே விளங்கியவர். ஆயர் கார்ல் பிலிப் கிரைஃபென்கிளாவின் அழைப்பை ஏற்று, வெனிஸ் ஓவியர் தியெப்பொலோ தம் புதல்வர் இருவருடன் 1750 டிசம்பரில் அங்கு வந்தார்.

இரு மண்டியிடல்கள்

பேரரசர் மண்டபத்தில் எதிரெதிரே அமைந்த இரு சுவரோவியங்கள் நம் ஆய்வுக்குரியன. ஒன்று, 1156ஆம் ஆண்டு வூர்ட்ஸ்பர்க்கில் நிகழ்ந்த பேரரசர் பிரெடரிக் பார்பரோசா, பர்கண்டியின் பியாட்ரிஸ் திருமணம். இதில் ஆயர் நிற்க, பேரரசர் மண்டியிடுகிறார். மற்றொன்று, 1168ஆம் ஆண்டு ஆயர் ஹெரோல்டுக்கு ஃபிராங்கோனியாவின் ஆட்சியுரிமையைப் பேரரசர் வழங்கிய நிகழ்ச்சி. இதில் பேரரசர் அமர்ந்திருக்க, ஆயர் மண்டியிடுகிறார். திருமுறைச் சடங்கில் ஆயரே உயர்ந்தவர். அரசியல் சடங்கில் பேரரசரே உயர்ந்தவர். இவ்விரண்டையும் சேர்த்துக் காணும்போதே ஓவியங்களின் உட்பொருள் விளங்கும். ஆயரின் ஆட்சியுரிமை பேரரசரிடமிருந்து பெற்றது. அப்பேரரசரோ திருச்சபையின் முன் பணிந்தவர் என்பதே அது.

பன்னிரண்டாம் நூற்றாண்டு மாந்தர் இங்குப் பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ் ஆடைகளை அணிந்துள்ளனர். சுதையால் வடித்த திரைச்சீலைகள் விலக்கப்பட்ட நிலையில் காட்சிகள் தோன்றுகின்றன. வரலாறு இங்கு மேடையேற்றப்படுகிறது. உரிமையின் தொன்மையை நினைவூட்டுவதே நோக்கமாதலின், காலத்திற்கேற்ற ஆடை ஓவியருக்கு இன்றியமையாததாகப் படவில்லை எனலாம்.

படிக்கட்டின் விதானம்

பால்தசார் நோய்மன் அமைத்த பெரும்படிக்கட்டின் விதானத்தில் தியெப்பொலோ 1752-53இல் அப்பொலோவையும் நான்கு கண்டங்களையும் தீட்டினார். ஐரோப்பாவுக்கு மேலே ஆயரின் உருவப்படம் விண்ணோக்கி உயர்த்தப்படுகிறது. விருந்தினர் படியேறுந்தோறும் ஓவியம் சிறிதுசிறிதாக விரிகிறது. ஆகவே, படியேறுதலே ஒரு சடங்காகிறது. உலகளாவிய புகழ் ஒரு சிற்றரசின் தலைவருக்கு உரியதாக்கப்படுகிறது.

முடிவுரை

கிரைஃபென்கிளாவ் 1754இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்குள், 1803ஆம் ஆண்டளவில், ஆயர்களின் நாடாளும் உரிமையும் முடிவுற்றது. 1945 மார்ச் 16இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தபோதும், நோய்மனின் கவிகை விதானம் ஓவியத்தோடு நிலைத்தது. 1981இல் அரண்மனை உலக மரபுச் சின்னமாயிற்று. நிலைபெறச் செய்ய முயன்ற அதிகாரம் மறைந்தது. அம்முயற்சியின் சான்றே எஞ்சியுள்ளது. ஆகவே, இத்தகைய ஓவியங்களை நடந்தவற்றின் பதிவாக அன்றி, நடந்ததாக நம்பவைக்க விரும்பியவற்றின் பதிவாகக் கொள்வதே வரலாற்று மாணவர்க்குத் தகும்.