அரை மணி நேரம் சும்மா உட்கார முடியாத மாணவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என் பாடத்தையே பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

இறையியல் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் போன வாரம் வந்திருந்தான். "பெரியம்மா, காலையில் தியானத்துக்கு உட்கார்ந்தால் பத்து நிமிஷம்கூட மனசு நிற்கமாட்டேங்குது. போனை வேறு அறையில் வைத்தாலும் அதே கதைதான். நானெல்லாம் எப்படிப் போதகராகப் போகிறேன்?" என்றான். முகம் வாடியிருந்தது. அவனிடம் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933-இல். திருச்சபையையும் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். அதற்கு இணங்காதவர்கள் 'அறிக்கை செய்யும் சபை' என்று தனியாகத் திரண்டு, போதகர்களைப் பயிற்றுவிக்கச் சொந்தமாகச் சில பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அதில் ஒன்றுக்குப் பொறுப்பேற்க லண்டனிலிருந்து வந்தவர் டீட்ரிச் போன்ஹோஃபர். அப்போது அவருக்கு வயது 29. காந்தியடிகளிடம் வந்து தங்க ஆசைப்பட்டுக் கடிதம் எழுதி, வரச்சொல்லிப் பதிலும் பெற்றிருந்தவர். இந்த வேலைக்காக அந்தப் பயணத்தையே விட்டுவிட்டார்.

1935 ஏப்ரல் கடைசியில் பால்டிக் கடலோரம் ஜிங்ஸ்ட் என்ற ஊரில் வகுப்பு தொடங்கியது. ஜூன் மாதம் ஸ்டெட்டின் நகருக்குப் பக்கத்தில் ஃபிங்கன்வால்டே என்னும் இடத்துக்கு மாறினார்கள். பெரிய பழைய வீடு, தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் நன்கொடை. ஒருநாள் ரயில் சரக்கு நிலையத்திலிருந்து போன்: போதகர் போன்ஹோஃபருக்கும் அவர் பள்ளிக்கும் உயிருள்ள பன்றி ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம்! கிராமத்துச் சபையார் அப்படித்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.

மாணவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகப் படிப்பு முடித்தவர்கள். கிரேக்கம், எபிரேயம், விளக்கவுரை எல்லாம் அத்துப்படி. அவர்களுக்குப் போன்ஹோஃபர் வைத்த விதிதான் தலைவலி ஆனது. தினமும் காலையில் அரை மணி நேரம் மௌன தியானம். வேதத்தில் ஒரு சின்னப் பகுதி, வாரம் முழுக்க அதே பகுதி. விளக்கவுரை கூடாது, பிரசங்கக் குறிப்பு எடுக்கக் கூடாது. அந்த வசனம் தனக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும்.

என்ன நடந்தது? சிலர் தூங்கிவிட்டார்கள். சிலர் அந்த நேரத்தில் பிரசங்கம் தயாரித்தார்கள். இந்த அரை மணியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்கள் கையில் செல்போன் கிடையாது! வெளியிலும் முணுமுணுப்பு இருந்தது. கார்ல் பார்த் போன்ற பெரிய இறையியலாளரே, இதில் மடாலய வாடை அடிக்கிறதே என்று அடுத்த ஆண்டு கடிதம் எழுதினார்.

போன்ஹோஃபர் கோபிக்கவில்லை, விதியைக் கைவிடவும் இல்லை. உட்கார்ந்து பேசினார். வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து வாய்விட்டுத் தியானிக்கலாம் என்றார். 1936-இல் பழைய மாணவர்களுக்கு அனுப்பிய தியானக் குறிப்பில் இருக்கும் ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். மனம் ஓடுகிறதா, அதோடு மல்லுக்கட்டாதே. அது எந்த மனிதரிடம், எந்தக் காரியத்திடம் ஓடுகிறதோ அவருக்காக, அதற்காக ஜெபி. பிறகு பொறுமையாக வசனத்துக்குத் திரும்பு. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன், ஜன்னல் பக்கம் பார்க்கும் பையனை அடிக்காமல், "வெளியே என்ன தெரிகிறது?" என்று கேட்கிற வாத்தியார் செய்வதும் இதுதான்.

தியானம் மட்டுமா? ஜிங்ஸ்டில் ஒருநாள் அடுக்களை வேலைக்கு ஆள் கேட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. போன்ஹோஃபர் ஒன்றும் பேசாமல் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். பின்னால் ஓடிவந்த மாணவர்களை உள்ளே விடாமல் கதவைத் தாழிட்டுக்கொண்டாராம். இன்னொரு விதி: உடனில்லாத சகோதரனைப் பற்றி மற்றவர் பேசக் கூடாது. பேசிவிட்டால் பிறகு அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். இந்த விதி எங்கள் ஆசிரியர் அறையில் இருந்திருந்தால் மதிய இடைவேளை மயான அமைதியாக இருந்திருக்கும்!

சாயங்காலங்களில் பியானோவும் நியூயார்க்கிலிருந்து அவர் கொண்டுவந்த கறுப்பின மக்களின் பக்திப் பாடல் இசைத்தட்டுகளும் உண்டு. அங்கே அவர் நடத்திய பாடங்களே 1937-இல் சீஷத்துவம் பற்றிய புகழ்பெற்ற நூலாக வெளிவந்தன.

1935 டிசம்பரிலேயே அரசு இப்படிப்பட்ட பள்ளிகளைச் சட்டவிரோதம் ஆக்கியது. இருப்பதா போவதா என்று மாணவர்களையே முடிவெடுக்கச் சொன்னார் போன்ஹோஃபர். இருந்தார்கள். 1937 செப்டம்பர் கடைசியில் கெஸ்டபோ வந்து வீட்டுக்கு முத்திரை வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே படித்தவர்களில் 27 பேர் சிறை கண்டார்கள். மற்றவர்களில் பலர் யாருமற்ற கிராமங்களில் தனியாகவும், பிறகு போர்முனையிலும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சுற்றுக்கடிதம் போகும். அதில் ஒவ்வொரு வாரத்துக்கும் உரிய தியானப் பகுதி குறித்திருக்கும். தூங்கி வழிந்த அந்த அரை மணி நேரம் அப்போது வேறு மாதிரி ஆகியிருக்கும் அல்லவா?

தங்கை மகனிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினில் டேகல் சிறையில் இருந்தார். 1944 மார்ச்சில் தன் பழைய மாணவர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில், சில வாரங்களாகத் தான் வேதம் அதிகம் வாசிப்பதில்லை, இதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறார். திரும்பவும் பெரும்பசியோடு அதற்குள் இறங்கும் நாள் வரும் என்றும் எழுதுகிறார். அரை மணி விதி வைத்தவரே அவர்தான்! "நிஜமாவா பெரியம்மா?" என்று இரண்டு முறை கேட்டான் பையன்.

1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய சிறைக் கடிதங்களை விஷவாயு முகமூடி வைக்கும் தகர டப்பாக்களில் போட்டு வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்தார்கள். போருக்குப் பின் அவற்றைத் தொகுத்து வெளியிட்டவர் அந்த மாணவர் பெத்கேதான்.