இன்ஜின் ஸ்டார்ட் ஆகலன்னா என்ன ஆகும்?

சென்னையிலிருந்து ஈசிஆர்ல பாண்டிக்குப் போறவங்க ஆரோவில்லுக்கு வலது பக்கம் திரும்புற ஊர்தான் பெரிய முதலியார்சாவடி. இடது பக்கம் திரும்பினா கடல். நம்ம கதை அந்தப் பக்கம்.

இந்தக் கரையில பல நூற்றாண்டா ஓடினது கட்டுமரம். மீனவர்கள் சுருக்கமா 'மரம்'னு சொல்வாங்க. கட்டைகளுக்கு நடுவுல தண்ணி ஏறி இறங்கும், அதனால அலையில கவிழ்ந்தாலும் முழுகாது. காத்து இருந்தா பாய், இல்லன்னா துடுப்பு. "ஸ்டார்ட் ஆகல" என்ற பேச்சே அதுக்குக் கிடையாது.

மோட்டார் இங்க சுலபமா வரல. துறைமுகம் இல்லாத மணல் கரையில ப்ரொப்பெல்லர் தரையில இடிக்கும். 1979-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையில் தொடங்கின வங்காள விரிகுடா திட்டம் இந்தச் சிக்கலோடதான் மல்லுக்கட்டியது. அலைக்குள்ள வரும்போது ப்ரொப்பெல்லரைத் தூக்கிக்கொள்ளும்படி படகுகளை வடிவமைச்சுப் பார்த்தாங்க. ஆனா கரையோட முகத்தை மாத்தினது 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பிறகு நிவாரணமா ஃபைபர் படகுகள் வந்து குவிஞ்சது. கூடவே இத்தாலியின் லொம்பார்டினி வடிவமைப்பில் க்ரீவ்ஸ் தயாரிச்ச, நீளத் தண்டு வெச்ச டீசல் இன்ஜினும் பரவியது. இன்ஜின் படகுக்குள்ள, ப்ரொப்பெல்லர் பின்னாடி தூரத்துல. அலை வந்தா தண்டைத் தூக்கிடலாம்.

சரி, இது ஸ்டார்ட் ஆகலன்னா? டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி, டீசல் தானா பத்திக்கிற அளவுக்குச் சூடாக்கணும். அதனால சந்தேகப்பட வேண்டியது ரெண்டே விஷயம்: எரிபொருள் வருதா, அழுத்தம் இருக்கா. பெரும்பாலும் முதல் விஷயம்தான். டேங்க்ல டீசல் குறைஞ்சு படகு ஆடும்போது குழாய் காற்றை உறிஞ்சிடும். அதுதான் 'ஏர் லாக்'. ஃபில்டர் பக்கத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்னு டீசல் மட்டும் வழியிற வரைக்கும் விட்டு, திரும்ப இறுக்கணும். தண்ணி கலந்திருந்தா அது டீசலைவிட கனம், அடியில தங்கும். அதை வடிச்சு விடணும். இதெல்லாம் சரியா இருந்தும் கிளம்பலன்னா, பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கலாம். அதைக் கடல்ல வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

மேலக்காத்து அடிக்கிற நேரத்துல இன்ஜின் நின்னா படகு கரையை விட்டு விலகிப் போகும். கட்டுமரம்னா ரெண்டு பேர் துடுப்பு போட்டுத் திரும்பிடலாம். கனமான ஃபைபர் படகை வலையோட அப்படி நகர்த்துறது ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு சங்கதி இருக்கு, எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. 1980-களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகம் கட்டினாங்க. தெற்கிலிருந்து வடக்கே நகர்ற மணலை அதோட அலைத்தடுப்புச் சுவர்கள் தடுத்தது, வடக்கே இருந்த கடற்கரைகள் கரைஞ்சது. அரிப்பைத் தடுக்க சில இடங்கள்ல கல் கொட்டினாங்க. படகு ஏத்த மணல் குறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிற குறுகலான இடத்துக்குள்ள, அலை உடையிற நேரத்துல, படகு நேரா நுழையணும். அங்க இன்ஜின் நின்னா படகு பக்கவாட்டுல திரும்பும். ஸ்க்ரூவைத் தளர்த்தி குமிழி நிக்கிறதைப் பார்த்துக்கிட்டிருக்க அப்போ நேரம் கிடையாது.