ஹாஜிகளின் கப்பலும் கடற்சட்டமும்

நம் பாட்டனார் காலத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், கடனை அடைத்து, வஸிய்யத்துச் சொல்லி, உற்றார் ஒவ்வொருவரிடமும் பிழை பொறுக்க வேண்டி, கஃபன் துணியையும் பெட்டியில் வைத்துக்கொண்டே கப்பலேறினார். இதனை இறையச்சத்தின் அடையாளம் என்று மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். அக்காலக் கப்பல்களின் நிலையும் அதற்கு ஒரு காரணம் என்பதை வரலாறு படித்தோர் மறுக்கமாட்டார்.

ஹாஜிகள் ஏறும் கப்பலைப் பற்றி வல்லரசுகள் முதன்முதலில் கூடிப் பேசியது மூழ்குவோரை எண்ணியன்று, காலராவை எண்ணியே. 1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் பரவிய அந்நோய், திரும்பிச் சென்றோருடன் எகிப்தை அடைந்து, அங்கிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களுக்குத் தாவிற்று. மறு ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1882 முதல், தெற்கிலிருந்து செங்கடலுக்குள் வரும் ஹாஜிகள் கமரான் தீவில் இறக்கப்பட்டுத் தனித்து வைக்கப்பட்டனர். நோயைத் தடுப்பது நற்செயலே. அதில் நாம் குறை காணவில்லை. ஆயினும் அவ்விதிகள் ஹாஜியிடமிருந்து பிறரைக் காப்பதற்கு எழுந்தவை. கடலிலிருந்து ஹாஜியைக் காப்பதற்கு அக்கூட்டத்தில் யாரும் அவசரப்படவில்லை.

அந்நிலையை உலகுக்குக் காட்டியது 1880இல் நடந்த ஒரு நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜூலை மாதம் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட 'ஜித்தா' என்னும் நீராவிக் கப்பல், பினாங்கில் தங்கி, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஹாஜிகளுடன் மேற்கு நோக்கிச் சென்றது. பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். கப்பலில் இருந்த படகுகளோ அவர்களில் கால்பங்கினருக்கும் போதாதவை. அரபிக் கடலின் பருவக் காற்றில் கொதிகலன்கள் தம் இருக்கையிலிருந்து பெயர்ந்தன. அடித்தளத்தில் நீர் புகுந்தது. ஹாஜிகள் முறை வைத்து நீர் இறைத்தனர். ஆகஸ்டு 8ஆம் நாள், விடியுமுன், கப்பல் தலைவரும் அவர் மனைவியும் முதன்மை அதிகாரிகளும் ஒரு படகில் இறங்கிப் போய்விட்டனர்.

வழியில் 'சிந்தியா' என்னும் கப்பல் அவர்களை ஏற்றி ஏடனில் சேர்த்தது. பயணிகள் தம் உயிருக்குத் தீங்கு செய்ய முயன்றனர் என்றும், கப்பல் அவர்களோடு மூழ்கிவிட்டது என்றும் அவர்கள் கூறினர். தந்தி பறந்தது. மறுநாள், அந்த 'ஜித்தா' 'ஆன்ட்டெனார்' என்னும் கப்பலால் இழுக்கப்பட்டு, ஹாஜிகளோடு ஏடன் துறைக்குள் வந்து நின்றது!

விசாரணை நடந்தது. தலைவரின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வளவே தண்டனை. ஜோசப் கான்ராட் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1900இல் வெளியிட்ட 'லார்ட் ஜிம்' இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டது. ஓடிப்போன அதிகாரியின் மனவேதனையே அதன் பொருள். நீர் இறைத்த ஹாஜிகளின் மனத்தை எழுதுவார் இல்லை.

நாம் இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அக்கப்பலை நடத்தியவர் வெள்ளையர் அல்லர். சிங்கப்பூரின் புகழ்பெற்ற அரபு வணிகக் குடும்பமான அஸ்ஸகாஃப் குடும்பத்தார். நமக்குக் கடமையான ஹஜ், நம்மவராயினும் பிறராயினும் கப்பற்காரருக்கு வாணிகம். ஆங்கிலச் சட்ட நூல்களும் அதனை 'ஹாஜி வாணிகம்' என்றே பெயரிட்டன.

இந்திய அரசு 1895இல் ஹாஜிகளின் கப்பலுக்கெனத் தனிச் சட்டம் செய்தது. 1926ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார உடன்பாடு, ஹாஜி ஒருவருக்கு ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது 16 சதுர அடி, தளத்தில் ஒதுக்க வேண்டுமென்றது. எட்டடி நீளமும் இரண்டடி அகலமும்! கப்ருக்குத் தோண்டும் அளவை ஒட்டியது இது. படுக்கையும், பெட்டியும், தொழுகையும் அதற்குள்ளேதான்.

உயிர்காப்புப் படகுகளைப் பற்றிய கண்டிப்பு பிறந்த கதை வேறு. 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது சுமார் 2,200 பேர் அதில் இருந்தனர். படகுகளில் இடமோ 1,178 பேருக்கு. கப்பலின் பருமனைக் கொண்டு படகைக் கணக்கிட்டார்களே தவிர, ஏறிய தலைகளைக் கொண்டு அன்று. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். 1914 ஜனவரியில் கடலில் உயிர்க்காப்புக்கான முதல் பன்னாட்டு உடன்பாடு லண்டனில் கையெழுத்தாயிற்று. போர் குறுக்கிட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929இல் மீண்டும் கூடி எழுதினர்.

அந்த 1929ஆம் ஆண்டு உடன்பாட்டில்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இருக்கிறது. படுக்கை வசதியின்றித் திரளாகப் பயணிகளை ஏற்றும் தனிவகைக் கப்பல்களுக்கு விதிகளை முழுமையாகச் செலுத்த இயலாதெனில், அரசுகள் விலக்கு அளிக்கலாம் என்றது அது. அதற்கு எடுத்துக்காட்டாக அது பெயர் சொன்னது ஹாஜி வாணிகத்தையே. 'ஜித்தா' நிகழ்ச்சி நடந்து அரை நூற்றாண்டு ஆகியும், எவரைப் படகின்றி விட்டுச் சென்றார்களோ அவர்களே விதிவிலக்கில் நின்றனர். விலக்குப் பெற்ற கப்பல்களுக்காக 1931இல் சிம்லாவில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. விதி ஏதுமில்லாததினும் அது மேல் என்பதை நாம் ஒப்புகிறோம். ஏனையோருக்குரிய அளவுகோல் அதுவன்று.

சிம்லா விதிகளின் இடத்தில் 1971இல் புதிய உடன்பாடு வந்தது, 1974இல் நடைமுறையாயிற்று. இடவசதி பற்றிய 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1977இல் செயலுக்கு வந்தது. பம்பாயிலிருந்து 'முஹம்மதி', 'அக்பர்' முதலிய கப்பல்கள் ஹாஜிகளைச் சுமந்த காலம் அது. அப்போதே வசதியுள்ளோர் வானூர்திக்கு மாறத் தொடங்கியிருந்தனர். 1995இல் பம்பாய் ஹஜ் கப்பல் நிறுத்தப்பட்டது.

1974ஆம் ஆண்டின் உயிர்க்காப்பு உடன்பாடு இன்றும் நடைமுறையில் உள்ளது; எத்தனையோ முறை திருத்தப்பட்டிருக்கிறது. அதில் விலக்கு அளிக்கத்தக்க கப்பல்களைக் கூறும் பிரிவில், 1971, 1973 விதிகளைக் கைக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு, 'ஹாஜி வாணிகம்' என்னும் எடுத்துக்காட்டு இன்னும் நிற்கிறது.