சிங்கப்பூர்க் காப்பிக்கடை

சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்திலும் பழைய கடைவீட்டு வரிசைகளிலும் விடியும் முன்பே திறந்துவிடும் பொதுச் சாப்பாட்டிடமே காப்பிக்கடை. மலாய் மொழியின் ‘கோப்பி’யும் கடை என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லான ‘தியாமும்’ சேர்ந்த ‘கோப்பித்தியாம்’ என்பது அதன் பேச்சுவழக்குப் பெயர். பானங்களைக் கடைக்காரர் விற்பார்; சோறு, மீ (நூடுல்ஸ்), ரொட்டி ஆகியவற்றை அங்கேயே இடம் பிடித்திருக்கும் மற்றவர்கள் விற்பார்கள். இதன் பெரிய உறவு, பல சிறு உணவுக்கடைகள் ஒரே இடத்தில் கூடிய உணவங்காடி நிலையம். அந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாடு போகிறவர்கள் ‘அசல் உள்ளூர்ச் சாப்பாடு’ என்று கலப்பில்லாத பழைமையைத் தேடுவது வழக்கம். அந்தத் தேடல் தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு இந்தக் கடையே சான்று. உள்ளூர்த்தன்மை என்பது பிறந்த இடத்தில் இல்லை, அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு கோப்பைக் காப்பியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை. சர்க்கரையும் வெண்ணெயும் அல்லது மார்ஜரினும் சேர்த்துக் கன்னங்கரேலென்று வறுக்கப்படுவது. தூளை நீண்ட துணிப்பையில் இட்டு, கொதிநீர் ஊற்றி, நீள மூக்குள்ள தகரக் குவளையில் வடிப்பார்கள். நம் டீக்கடை வடிகட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பை புதிதாகத் தெரியாது. பசும்பால் அரிதாக இருந்த காலத்தில் டின் பால் வந்தது. பிறகு அதுவே ருசியாகிவிட்டது. ‘கோப்பி’ என்றால் டின் பால் சேர்ந்தது. ‘ஓ’ என்றால் பாலில்லாதது, ‘கோசோங்’ என்றால் சர்க்கரை இல்லாதது, ‘காவ்’ என்றால் திடமானது. ‘கோப்பி ஓ சியூ தாய் பெங்’ என்று ஒருவர் கேட்டால், பாலில்லாமல், சர்க்கரை குறைத்து, ஐஸ் போட்டது வரும். மலாய், ஹொக்கியன், கான்டனீஸ் ஆகிய மூன்று மொழிகள் ஒரே மூச்சில் கலந்த அந்த வாக்கியத்தை எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடவே வரும், காயா என்னும் தேங்காய்ப்பால் இனிப்புப் பூச்சு தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை ஆகியவற்றின் கதையும் இதேதான். ஹைனானியர்கள் மற்றச் சீனர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். நல்ல தொழில்களெல்லாம் முன்பே பிறர் கைக்குப் போயிருந்ததால், வெள்ளையர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாகச் சேர்ந்தார்கள். அங்கே கற்ற காலைச் சிற்றுண்டியைத் தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் சோயா சாஸும் கொண்டு மாற்றிக் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே.

இப்படிக் கலந்ததை அசல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். தமிழ் முஸ்லிம்கள் வறுத்துத் தரும் மீ கோரெங்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மஞ்சள் மீ சீனருடையது, பெயர் மலாய், கைப்பக்குவம் தமிழருடையது. ஆனால் அந்தத் தட்டு சீனாவிலும் பிறக்கவில்லை, தமிழ்நாட்டிலும் பிறக்கவில்லை. தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரும் அப்படித்தான். நாம் ‘ஆற்றுவது’ என்பதை மலாயில் ‘இழுப்பது’ என்கிறார்கள். கலந்ததையெல்லாம் நீக்கிவிட்டால் அங்கே உள்ளூர் என்று சொல்ல மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

சுத்தம் பற்றிய தயக்கம் நியாயமானது. ஆனால் அது பழைய தெருவோரக் கடைகளை மனத்தில் வைத்து எழுவது. 1971 முதல் 1986 வரை அரசு குழாய்நீரும் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டித் தெரு வியாபாரிகளை அங்கே குடியேற்றியது. சைவ உணவுக்காரர்களின் கவலைக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: காயாவில் முட்டை உண்டு, பல சம்பல்களில் இறால் விழுது உண்டு. தேக்கா சந்தையை ஒட்டிய தெருக்களில் இட்லி, தோசை கிடைக்கும். வெங்காயம், பூண்டு சேர்க்காத சீனப் பௌத்தச் சைவக் கடைகளும் பல இடங்களில் உண்டு. சங்கிலிக் காப்பியகத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மைதான். எந்த ஊரிலும் ஒரே ருசி தருவதே அதன் நோக்கம். அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

போகிறவர்கள் இரண்டு வழக்கங்களை அறிந்து போவது நல்லது. காலி மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் தவறினால் அபராதம்கூட உண்டு.