உறையும் ஏரி, ஓட்டை வேடர்ஸ், ஒரு ஃப்ளாஸ்க் காபி... அமெரிக்காவின் குளிர்கால வாத்து வேட்டை எப்படி நடக்கிறது?

அதிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழ வேண்டும். மைனஸ் டிகிரி குளிரில் படகை இறக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக அசையாமல் நிற்க வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் பல நாள்கள் வெறும் கையோடுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும். `இதுக்குப் பேசாம போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால், அமெரிக்காவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கானவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதை ஆசை ஆசையாகச் செய்கிறார்கள். `ஏன்?' என்று கேட்டால், பலரும் சுட்ட பறவைகளின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. கூட வந்த நண்பன் தண்ணீரில் விழுந்த கதையைத்தான் சொல்வார்கள்!

அந்தக் கதைகள் சிரிக்கவைப்பவை. சில கதைகள் உயிரைப் பறித்தவை. இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஏன் குளிர்காலம்?

வட அமெரிக்காவின் வாத்துகளும் கூஸ்களும் (வாத்தைவிடப் பெரிய, நீண்ட கழுத்துள்ள பறவை) கோடையில் கனடா, அலாஸ்கா பக்கம் குஞ்சு பொரிக்கும். அங்கே ஏரிகள் உறையத் தொடங்கியதும் தெற்கு நோக்கிக் கிளம்பும். அவை போகும் வழியை அட்லான்டிக், மிசிசிப்பி, மத்திய, பசிபிக் என நான்கு `பறக்கும் பாதை'களாகப் பிரித்திருக்கிறார்கள். வேட்டை சீசனைக்கூட இந்தப் பாதைகளை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள்.

வடக்கே குளிர் கடுமையானால்தான் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கிவரும். அதனால், ஊரே `மழை, பனி, யாரும் வெளியே போகாதீங்க' என்று சொல்லும் நாள்தான் வாத்து வேட்டைக்காரர்களுக்கு நல்ல நாள். பிரச்னை தொடங்கும் இடமும் அதுதான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

அமெரிக்கச் சட்டப்படி, சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனம் வரை சுடலாம். அந்த முதல் நிமிடத்துக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதால், எல்லா வேலையும் கும்மிருட்டில்தான் நடக்கும்.

முதல் வேலை, டம்மி வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிடுவது. நம்ம ஊர் பழைய வேட்டைக்காரர்கள் `பார்வை' வைப்பது என்பார்களே, அதே உத்திதான். இது அங்கும் புதிதல்ல. நெவாடா மாகாணத்தின் லவ்லாக் குகையில் 1924-ல் கோரைப்புல்லால் செய்த டம்மி வாத்துகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 2,000 ஆண்டுகள்!

அடுத்தது மறைவிடம். இதற்கு `பிளைண்ட்' என்று பெயர். நாணலும் புல்லும் வேய்ந்த குடிசை மாதிரி இருக்கும். கூஸ் வேட்டை பெரும்பாலும் அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும். அங்கே குழிக்குள் உட்கார்ந்துகொள்வார்கள், இல்லையென்றால் பனியில் வெள்ளை உடை போட்டு மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். அர்க்கன்சாஸில் வெள்ளம் நின்ற காடுகளுக்குள் மரத்தோடு மரமாக ஒட்டி நிற்பார்கள். காற்று இல்லாத நாளில் டம்மி வாத்துகள் பொம்மை மாதிரி அசையாமல் நிற்குமே? அதற்காகக் காலால் தண்ணீரை உதைத்து அலை கிளப்பிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, வாத்து மாதிரியே கத்தும் ஊதுகுழல். இதில் உலகப் போட்டியே நடக்கிறது. அர்க்கன்சாஸின் ஸ்டுட்கார்ட் நகரில் 1936-ல் தொடங்கிய போட்டி அது. முதல் வருடப் பரிசு, 6.60 டாலர் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு!

நான்காவது ஆள், நாய். விழுந்த பறவையை உறைபனித் தண்ணீரில் நீந்திப்போய் எடுத்துவர லேப்ரடாரும், செசபீக் பே ரெட்ரீவரும் பேர்போனவை. அடர்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள ரோமம் இருப்பதால், இவற்றின் தோல்வரை தண்ணீர் எளிதில் போகாது.

தவறாமல் நடக்கும் சொதப்பல்கள்

எந்த மாகாணத்து வேட்டைக்காரரைக் கேட்டாலும் கீழே இருப்பதில் பாதியாவது சொல்வார்.

* ஓட்டை வேடர்ஸ்: மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டைக்கு `வேடர்ஸ்' என்று பெயர். நம்ம தமிழில் வேட்டைக்காரரைக் குறிக்கும் சொல்லாகவே அமைந்துவிட்டது! இதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போச்சு. குளிர்ந்த தண்ணீர் ஒரு காலில் மட்டும் மெள்ள மெள்ள ஏறும்.

* மறந்துபோன அடைப்பான்: படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்ற, பின்பக்கம் ஒரு துளை இருக்கும். அதை அடைக்காமல் இருட்டில் படகை இறக்கிவிடுவார்கள். பாதி தூரம் போனதும், `ஏன் ஷூ நனையுது?' என்று ஒருவர் கேட்பார்.

* உறையும் ஊதுகுழல்: மூச்சிலிருக்கும் ஈரம் குழலுக்குள் உறைந்து, வாத்துச் சத்தத்துக்குப் பதில் கிறீச் என்று ஏதோ வரும். அனுபவசாலிகள் குழலைக் கோட்டுக்கு உள்ளேயே வைத்திருப்பார்கள்.

* மக்கர் செய்யும் துப்பாக்கி: அதிகம் எண்ணெய் போட்டிருந்தால் குளிரில் அது கெட்டியாகி, அடுத்த தோட்டா ஏறாது. பறவை தலைக்கு மேல் இருக்கும்போதுதான் இது தெரியவரும்.

* நாயின் சேட்டை: தண்ணீரிலிருந்து வந்து எல்லோர் மீதும் சிலிர்த்துவிடும். டம்மி வாத்துகளின் கயிற்றில் சிக்கி எல்லாவற்றையும் ஊர்வலமாக இழுத்துவரும். பேக்கன் பொட்டலத்தை யாரும் பார்க்காதபோது காலி செய்துவிடும்.

* காபி விதி: இரண்டு மணி நேரம் வானத்தில் ஒன்றுமே இருக்காது. துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு ஃப்ளாஸ்க்கைத் திறந்த அடுத்த நொடி, நாற்பது வாத்துகள் தலைக்கு மேல் வந்து இறங்கப்பார்க்கும்!

`அது நான் சுட்டது!'

இவ்வளவு அவஸ்தைக்கும் மருந்து, கூட இருப்பவர்கள்தான். மான் வேட்டையில் தனியாக, சத்தமில்லாமல் உட்கார வேண்டும். வாத்து வேட்டையில் பறவை வராத நேரமெல்லாம் அரட்டைதான். பல மறைவிடங்களில் சின்ன கேஸ் அடுப்பே இருக்கும். முட்டை, பேக்கன், சூடான காபி என்று காலைச் சாப்பாடு அங்கேயேதான். அப்பாவுடன் முதல்முறை வந்த பையன், பிறகு தன் மகளைக் கூட்டிவந்து அதே இடத்தில் உட்காருவது அங்கே சகஜம்.

இந்தக் கூட்டத்துக்கு எழுதப்படாத விதிகள் உண்டு. `சுடு' என்று சொல்வது ஒரே ஆள். அவர் சொல்லும் வரை யாரும் எழக் கூடாது. புதிதாக வந்தவருக்கும் சிறுவர்களுக்கும் நல்ல இடம். இரண்டு பேர் ஒரே பறவையைச் சுட்டால், இருவரும் `என்னுடையது' என்பார்கள். குறி தவறினால், இருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்!

விழுந்த பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால் சண்டை இன்னும் சுவாரஸ்யம். பறவைகளின் பயணத்தை அறிய ஆராய்ச்சியாளர்கள் மாட்டும் வளையம் அது. அதிலிருக்கும் எண்ணை அமெரிக்கப் பறவை வளையமிடல் ஆய்வகத்துக்குத் தெரிவித்தால், அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் மாட்டப்பட்டது என்ற விவரம் வரும். வளையத்தை ஊதுகுழல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது பெரிய கெளரவம். யாருக்கு என்று முடிவாகவில்லையா? பூவா தலையா போட்டுவிட வேண்டியதுதான்.

1940, நவம்பர் 11: சிரிப்பு நின்ற நாள்

அன்று அமெரிக்காவில் போர் நிறுத்த நினைவு விடுமுறை. மினசோட்டா, விஸ்கான்சின் பகுதியில் காலையில் நவம்பர் மாதத்துக்குப் பொருந்தாத இதமான வெயில். வேட்டைக்காரர்கள் பலர் மெல்லிய கோட்டோடு மிசிசிப்பி ஆற்றின் தீவுகளுக்குப் படகில் கிளம்பினார்கள். சிறிது நேரத்தில் வானமே தெரியாத அளவுக்கு வாத்துகள் வந்து குவிந்தன. `இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வராது' என்று பலரும் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

அந்த வாத்துகள் புயலுக்குப் பயந்து ஓடிவந்தவை.

மழை, ஆலங்கட்டி, பிறகு பனிப்புயல். வெப்பநிலை சில மணி நேரத்தில் உறைநிலைக்கு வெகு கீழே போனது. ஆற்றில் எழுந்த அலைகளில் சிறிய படகுகளால் கரைக்குத் திரும்ப முடியவில்லை. நனைந்த உடையோடு தீவுகளில் சிக்கியவர்கள் படகைக் கவிழ்த்து அதன் அடியில் ஒதுங்கினார்கள். விடிய விடிய நடந்துகொண்டே இருந்தவர்களும், ஒருவரை ஒருவர் தூங்கவிடாமல் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தவர்களும் பிழைத்தார்கள்.

மறுநாள், வினோனா நகர விமானி மேக்ஸ் கான்ராட், காற்று அடங்குவதற்கு முன்பே தன் சின்னஞ்சிறு விமானத்தில் கிளம்பி ஆற்றின் மீது தாழப் பறந்தார். உயிரோடு இருப்பவர்களைத் தேடி, உணவும் தீப்பெட்டியும் வைத்த டின்களைப் போட்டார். மீட்புப் படகுகளுக்கு வழிகாட்டினார்.

அந்தப் புயலில் கிட்டத்தட்ட 150 பேர் இறந்தார்கள். மினசோட்டாவில் மட்டும் 49 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாத்து வேட்டைக்காரர்கள். அப்போது அந்தப் பகுதிக்கான வானிலை அறிவிப்பு சிகாகோவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இந்தப் பேரழிவுக்குப் பிறகே 24 மணி நேரக் கண்காணிப்பும், பகுதிவாரியான கணிப்பு மையங்களும் விரிவாக்கப்பட்டன.

தண்ணீரில் விழுந்தால்: 1-10-1

இன்று செல்போனும் வானிலை ஆப்பும் இருக்கின்றன. ஆனால், குளிர்ந்த தண்ணீர் மாறவில்லை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பிரபலப்படுத்திய `1-10-1' விதி இதை எளிதாகச் சொல்கிறது.

* 1 நிமிடம்: விழுந்தவுடன் மூச்சு தாறுமாறாக வாங்கும். அந்த ஒரு நிமிடம் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து, மூச்சைச் சீராக்குவது மட்டும்தான் வேலை.

* 10 நிமிடம்: கை கால்கள் சொன்னபடி கேட்கும் நேரம். வெளியே வருவதற்கான முயற்சியை இதற்குள் செய்துவிட வேண்டும்.

* 1 மணி நேரம்: உடல் வெப்பம் இறங்கி நினைவிழக்கத் தோராயமாக இவ்வளவு நேரம் ஆகும். ஆனால், கை கால் செயலிழந்த பிறகு மிதக்கவைக்க லைஃப் ஜாக்கெட் இருந்தால்தான் இந்த ஒரு மணி நேரமே கிடைக்கும்.

`வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டிப்போட்ட மாதிரி மூழ்கடித்துவிடும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே இருக்கும் தண்ணீரைவிட எடை கூடியதல்ல. அதனால் அது கீழே இழுக்காது. ஆனால், படகில் ஏறும்போதுதான் அந்த எடை முழுசாகத் தெரியும். கைகொடுக்க ஆள் இல்லையென்றால் கஷ்டம். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே போகும் தண்ணீர் குறையும்.

இன்னும் சில பாடங்கள்: நனைந்த பருத்தி உடை உடல் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் கம்பளியோ, செயற்கை இழையோதான் சரி. `குளிருக்கு இதமா ஒரு பெக்' என்பது தப்புக் கணக்கு. மது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சூடான மாதிரி காட்டும், உள்சூடோ குறையும். தவிர, துப்பாக்கி பக்கத்தில் இருக்கும்போது மதுவுக்கு வேலையே இல்லை. துப்பாக்கிக் குழலில் பனியோ சேறோ அடைத்திருந்தால் சுடும்போது குழலே வெடிக்கலாம். மூடிய மறைவிடத்தில் கேஸ் ஹீட்டர் எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

19-ம் நூற்றாண்டில் சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில் பறவைகள் வெகுவாகக் குறைந்தன. 1918-ல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் கடிவாளம் போட்டது. 1935-ல் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து ஈர்ப்பதும், தானியம் தூவிச் சுடுவதும் தடைசெய்யப்பட்டன. வாத்து வேட்டைத் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் போடக் கூடாது. ஒரு நாளைக்கு எந்த இனம் எத்தனை என்ற உச்சவரம்பும் உண்டு.

1991 முதல் வாத்து வேட்டையில் ஈய ரவைக்கு நாடு முழுக்கத் தடை. காரணம், பல் இல்லாத வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். அப்போது தண்ணீரடியில் கிடக்கும் ஈய ரவைகளையும் சேர்த்து விழுங்கி, விஷமேறிச் சாகும். இப்போது எஃகு போன்ற ரவைகள்தான்.

16 வயதுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் `டக் ஸ்டாம்ப்' வாங்க வேண்டும். 1934-ல் ஒரு டாலருக்கு வந்த முதல் ஸ்டாம்ப்பை வரைந்தவர், கார்ட்டூனிஸ்ட் `டிங்' டார்லிங். இப்போது விலை 25 டாலர். அதில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், பறவைகளின் வாழிடத்தைக் காக்கப் போகிறது. இப்படி 60 லட்சம் ஏக்கருக்கும் மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. துப்பாக்கியையே தொடாத பறவை ஆர்வலர்களும் இதை வாங்குகிறார்கள்.

நம்ம ஊரில்?

கேமரா மட்டும்தான்! ராஜஸ்தானின் பரத்பூரில் 1938, நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்தக் கணக்கு அங்கே கல்வெட்டில் இருக்கிறது. அதே இடம் இன்று கேவலாதேவ் தேசியப் பூங்கா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் இங்கே காட்டு வாத்துகளை வேட்டையாடுவது குற்றம். நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கு இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க, குளிர்காலத்தில் அதிகாலையிலேயே போங்கள். அங்கே மைனஸ் டிகிரி இல்லை, வேடர்ஸும் தேவையில்லை. ஆனால், ஃப்ளாஸ்க்கில் காபியும், கூடவே பேச்சுத் துணைக்கு ஓர் ஆளும் அவசியம்.