ஆறடி மீன்தொட்டி: கண்ணாடி வாங்கப் போகுமுன்

கிளிநொச்சியில் இருக்கும் என் மாமாவுக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. வீட்டு ஹோலில் ஆறடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி வைக்கவேண்டும். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுப் போய், முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரையில்லாமல் நின்ற சுவர்களை வைத்து வீட்டைத் திரும்பக் கட்டியவர். பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். இப்போது பென்சன் காசில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் விசாரித்தபோது, "எட்டு மில்லி காணும் ஐயா, எல்லாரும் அதுதான் போடுறவை" என்றிருக்கிறார்கள். "உண்மையே தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மாமா சொன்ன அளவு இதுதான். இந்தத் தொட்டி ஏறத்தாழ 680 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 680 கிலோ. அது முன்பக்கக் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை 340 கிலோ பாரத்துக்குச் சமம். நாலைந்து பெரிய ஆட்கள் இரவு பகலாகக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

தொட்டி நீளமென்றால் கண்ணாடி தடிப்பாக இருக்கவேண்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். நீளமும் ஓரளவு சேரும்தான், ஆனால் உயரத்தின் இரண்டு மூன்று மடங்கைத் தாண்டியபின் அதன் பங்கு மிகக் குறைவு. தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம். உயரத்தை இரட்டிப்பாக்கினால் கண்ணாடியில் விழும் மொத்த விசை நான்கு மடங்காகும். இதே தொட்டியின் உயரத்தை இரண்டடியிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறைத்தால், முன்பக்க விசை 340 கிலோவிலிருந்து 190 கிலோவுக்கு இறங்கிவிடும். தண்ணீரும் 510 லீற்றராகக் குறையும். நீந்துகிற மீனுக்கு வேண்டியது நீளமும் அகலமும்தான். ஆழத்தால் மீனுக்கு வரும் லாபம் குறைவு. அடியைச் சுத்தம் செய்யத் தோள்வரை கையை விடுகிறவருக்கும் ஒன்றரை அடிதான் வசதி.

இரண்டடி உயரத்துக்கு 12 மில்லிமீற்றர் வேண்டும், அதுவும் மேல்விளிம்பில் பட்டி வைத்து. ஒன்றரை அடிக்கு 10 மில்லிமீற்றர் தாராளம். இரண்டடிக்கு 8 மில்லிமீற்றர் போட்டால் நிரப்பிய அன்றே உடையும் என்றில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஓயாத பாரத்தின் கீழ் கண்ணாடி நாளாக ஆகப் பலம் இழக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மெல்ல மெல்ல வளரும். ஆறு மாதம் நின்ற தொட்டி ஓர் இரவில் போகலாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் வழக்கமாக விற்பது மூன்றடி, நாலடித் தொட்டிக்கு. வாங்கும்போது தடிப்பை நீங்களே வேணியர் வைத்து அளந்து பாருங்கள். பில்லில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம்.

கடையில் "டெம்பர்ட்" கண்ணாடியையும் காட்டுவார்கள். அது பலமானதுதான், ஆனால் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. விளிம்பில் ஓர் அடி பட்டாலும் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் துகள்களாகக் கொட்டிவிடும். சாதாரண மிதவைக் கண்ணாடி பெரும்பாலும் ஒரு கோடாக வெடித்துக் கசியும். வாளியும் துவாயும் எடுத்து ஓடிவர நேரமாவது கிடைக்கும். வீட்டுத் தொட்டிக்குச் சாதாரணக் கண்ணாடியைத் தடிப்பாக வாங்குவதே நல்லது என்பது என் முடிவு. பச்சைச் சாயல் பிடிக்காதவர்கள் இரும்புச் சத்துக் குறைந்த தெளிந்த கண்ணாடியை முன்பக்கத்துக்கு மட்டும் போடலாம். அது அழகுக்காகச் செய்யும் செலவு, பலத்தில் வித்தியாசமில்லை.

பழைய கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. உடைந்த வீடுகளிலிருந்தும் மூடிய கடைகளிலிருந்தும் கழற்றிய கண்ணாடிகள் இங்கே மலிவாகக் கைமாறுகின்றன. மாமாவின் பின்விறாந்தையிலும் சுவரோடு சாத்திய பழைய கடைக் கண்ணாடி இரண்டு கிடந்தது. "இதைப் பாவிக்கேலாதோ?" என்று கேட்டார். வெயிலிலும் மணலிலும் வருடக்கணக்காகக் கிடந்து, ஒன்றன்மேல் ஒன்று உரசிய கண்ணாடியில் கீறல் நிறைந்திருக்கும். அதிர்ச்சி கண்ட கட்டடத்திலிருந்து வந்ததென்றால் விளிம்பில் சில்லுப் போயிருக்கும், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். தொட்டிக்கு மேல்மூடியாக அதை வெட்டிக்கொள்ளலாம். தண்ணீரைத் தாங்க விடக்கூடாது. உடையும் கண்ணாடியின் சத்தத்தை எங்கள் தலைமுறை போதுமான அளவு கேட்டுவிட்டது.

புதுக் கண்ணாடியிலும் விளிம்புகளைக் கடையிலேயே தேய்த்து வாங்குங்கள். ஆறடிக்கு இரண்டடித் துண்டு ஒன்று, 12 மில்லிமீற்றரில், 33 கிலோவுக்கு மேல் வரும். அதை நிமிர்த்திப் பிடித்துத்தான் தூக்கவேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே வளைந்து உடையும். லொறியிலும் நிமிர்த்திக் கட்டியே கொண்டுவரவேண்டும். ஒட்டி முடித்த தொட்டி வெறுமையாகவே 120 கிலோ. ஆகவே பட்டறையில் ஒட்டாமல், வைக்கப்போகும் அறையிலேயே ஒட்டுவது உத்தமம்.

அடுத்தது சிலிக்கன். இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாலடித் தொட்டி ஒன்றை ஒட்டினேன். ஹார்ட்வெயார் கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று தந்ததை வாங்கிவந்தேன். அது குளியலறைக்கானது, பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்து கலந்தது. ஒட்டு நன்றாகப் பிடித்தது. மீன்கள்தான் ஒவ்வொன்றாக மிதந்தன. முழுவதையும் சுரண்டி எடுத்துத் திரும்ப ஒட்டினேன். எனவே நூறு வீதம் சிலிக்கன், பூஞ்சண மருந்து இல்லாதது, மீன்தொட்டிக்கு உகந்தது என்று குழாயில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிதுக்கும்போது வினாகிரி மணம் வருவது சாதாரணம். காலாவதித் திகதியையும் பாருங்கள், பழையது கடைசிவரை இறுகாது.

ஒட்டும் இடத்தை அசற்றோனால் துடைக்கவேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றோடொன்று இறுக்கி நெரிக்காமல், நடுவில் இரண்டு மில்லிமீற்றராவது சிலிக்கன் நிற்க இடம் விடுங்கள். தொட்டியைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் படைதான். பழைய சிலிக்கனில் புதியது ஒட்டாது. கசிந்த இடத்தில் மேலால் பூசுவது வீண்வேலை. ஒட்டியபின் ஏழு நாள் தொடவேண்டாம். மேல்விளிம்பின் உட்பக்கமாக மூன்று நான்கு அங்குல அகலக் கண்ணாடிப் பட்டியை நீளவாக்கிலும், நடுவில் குறுக்கே ஒன்றும் ஒட்டினால் முன்கண்ணாடி வெளியே பிதுங்காது.

கண்ணாடி, மணல், கல், தண்ணீர், ஸ்ராண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னை நெருங்கும். மீள்குடியேற்றத்தில் அவசரமாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் மண் நிரப்பி, மேலே மெல்லிய கொங்கிறீற் போட்டிருப்பார்கள். மண் இறுகாத இடத்தில் தளம் தாழும். ஒரு மூலை சில மில்லிமீற்றர் இறங்கினாலே கண்ணாடி முறுகும். தளத்தைத் தட்டிப் பாருங்கள், வெறுஞ்சத்தம் கேட்டால் அங்கே வேண்டாம். ஸ்ராண்டுக்குப் பொக்ஸ் பாரை ஒட்டி, துரு பிடிக்காத பெயின்ற் அடிக்கலாம். சீமெந்துக் கல் அடுக்கியும் கட்டலாம், அது மலிவு. தூள்மரப் பலகை ஈரம் பட்டால் ஊதிவிடும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் ரியூப்பால் நான்கு மூலையும் மட்டம் பார்த்து, மேலே பலகையும் அதன்மேல் ஒரு தட்டு ரெஜிபோமும் வைத்தபின் தொட்டியை வையுங்கள். சிறு மேடுபள்ளத்தை ரெஜிபோம் வாங்கிக்கொள்ளும்.

அக்ரிலிக் பற்றியும் கேட்பார்கள். பாரம் கண்ணாடியில் பாதிதான், ஆனால் துடைக்கும் துணியில் ஒரு மணல் இருந்தாலே கீறும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. நீர்மட்டம் நிற்கும் இடத்தில் வெள்ளைக் கறை படியும், அடிக்கடி தேய்க்கவேண்டும். கண்ணாடியில் வினாகிரி போட்டுத் தேய்த்தால் கறை போய்விடும். இந்தத் தண்ணீருக்குக் குப்பியும் மொலியும் நன்றாக வாழும். மெல்லிய நீர் கேட்கும் டிஸ்கஸுக்கு ஆசைப்படவேண்டாம்.

மாமா ஒன்றரை அடி உயரத்துக்கு இறங்கிவந்தார். 10 மில்லிமீற்றர் கண்ணாடி, புதிது. முதல் நாள் கால்வாசி, அடுத்த நாள் அரைவாசி என்று நிரப்பி, முன்கண்ணாடிக்கு வெளியே நூல் பிடித்து வளைவு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்துவைத்தால் சிறு கசிவும் தெரியும். ஒரு கிழமை அப்படியே நிற்கட்டும். மீன் அதற்குப் பிறகுதான்.