அரனார் அணிந்த அரவம்

பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவின்போது கரிகிருஷ்ணப் பெருமாள் கருடன்மீதும், அகத்தீசுவரர் விடையின்மீதும் எழுந்தருளி, ஒருவரையொருவர் சந்திக்கும் பெருவிழாவை நாம் அறிவோம். அரியும் சிவனும் ஒன்று என்னும் உண்மையை ஊரார் கண்ணாரக் காணும் காட்சி அது. அக்காட்சியில் நாம் பெரிதும் எண்ணிப் பாராத நுட்பம் ஒன்று உண்டு. கருடனோ பாம்புக்குப் பிறவிப் பகை. பாம்போ சிவபெருமானுக்கு அணிகலன். பகை இரண்டும் ஒரே வீதியில் எதிர்ப்படுகின்றன. ஆயினும் ஆங்குப் பூசல் இல்லை.

1973ஆம் ஆண்டு வெளிவந்த 'சூரியகாந்தி' என்னும் திரைப்படத்தில் கவிஞர் கண்ணதாசன் இக்கருத்தைப் பாடலாக்கினார். இறைவன் கழுத்திலுள்ள பாம்பு கருடனை நலம் விசாரிப்பதாகவும், இருக்கும் இடத்தால் வந்த பெருமை அது என்பதாகவும் அமைந்த அப்பாடலைக் கேளாத தமிழர் அரியர். கவிஞர் அதனை உலகியலுக்குப் பொருத்தினார். சைவ நெறியில் நின்று நோக்கினால் அவ்விடத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இறைவன் திருமேனியைச் சார்ந்த பாம்பு, நலம் கேட்கும் நிலைக்கு மட்டும் உயரவில்லை, பகையையே விட்டுவிட்டது.

தாருகவனத்து முனிவர் வேள்வித் தீயினின்று பாம்புகளைத் தோற்றுவித்து இறைவன்மேல் ஏவினர் என்பது புராண வரலாறு. கொல்ல வந்த அவற்றைப் பெருமான் கொன்றாரில்லை, எடுத்து அணிந்துகொண்டார். படைக்கலமாக வந்தது அணிகலமாயிற்று. மதியை விழுங்கும் பாம்பும், பாம்புக்கு அஞ்சும் மதியும் ஒரே சடையில் அருகருகே வாழ்வதைத் தேவார ஆசிரியர் மூவரும் பாடிப் பாடி மகிழ்ந்தனர். ஆகவே, சைவம் காட்டும் பாம்பு பழி தீர்க்கும் பாம்பு அன்று; அடைக்கலம் புகுந்த பாம்பு.

நம் ஊருக்குத் தெற்கே, தொடர்வண்டிப் பாதையை ஒட்டியே திருவொற்றியூர் உள்ளது. அங்கு இறைவன் புற்று வடிவினர். முதல் இராசேந்திர சோழன் காலத்தில் தூங்கானை மாட வடிவில் கருங்கல்லால் எடுப்பிக்கப்பட்ட விமானத்தின்கீழ், அப்புற்று ஆண்டு முழுவதும் கவசம் சார்த்தப்பெற்றிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டுமே கவசமின்றிக் காணலாம். வாசுகி என்னும் நாகம் வழிபட, இறைவன் அதனைத் தம்முள் ஏற்றுக்கொண்டார் என்றும், அதனாற்றான் படம்பக்கநாதர் என்னும் திருநாமம் எய்தினார் என்றும் தலவரலாறு கூறும். குடந்தைக் கீழ்க்கோட்டம், திருநாகேச்சரம், திருப்பாம்புரம், நாகைக்காரோணம் ஆகிய தலங்களிலும் நாகங்கள் வழிபட்டு அருள்பெற்றன என்பர். இங்கெல்லாம் பாம்பு அடியார் வரிசையில் நிற்கின்றது.

இனித் திரைப்பட உலகுக்கு வருவோம். 1954ஆம் ஆண்டு 'நாகின்' என்னும் இந்திப் படம் மகுடியோசையை நாடெங்கும் பரப்பிற்று. 1974ஆம் ஆண்டு சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த 'வெள்ளிக்கிழமை விரதம்' நாக வழிபாட்டைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது. 1976ஆம் ஆண்டு மற்றொரு 'நாகின்' வந்தது. அதனைத் தழுவி 1979ஆம் ஆண்டு 'நீயா?' என்னும் தமிழ்ப் படம் வெளிவந்தது. இணையை இழந்த பெண்பாம்பு மனித உருக்கொண்டு, கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பழி தீர்ப்பதே அதன் கதை. 1990இல் வந்த 'ஆடி வெள்ளி' முதலிய படங்களில் பாம்பு அம்மனின் ஏவலாளாகவும் நின்றது. திரையரங்கிலேயே மக்கள் கைகூப்பித் தொழுத காலம் அது. பக்தியை வளர்த்த பங்கு இப்படங்களுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், பழிவாங்கும் பாம்பு என்னும் கருத்துத் திரையிலிருந்து இறங்கி வயல்வெளிக்கும் வந்துவிட்டது. பாம்புக்குப் புறச்செவி இல்லை. மகுடியின் அசைவையே அது கண்ணால் தொடர்கின்றது. பால் அதற்கு இயல்பான உணவன்று. ஆளை நினைவில் வைத்துப் பழி தீர்க்கும் இயல்பும் அதற்கு இல்லை. இவற்றை அறியாமையால், ஒன்றை அடித்தவர் அச்சம் மிகுந்து அதன் இணையையும் தேடி அடிக்கின்றனர். அதனினும் பெருந்தீங்கு, கடியுண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் பரிகாரம் தேடிப் பொழுது போக்குவது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் சிற்றூர் வாழ்நர்.

'பதிகம் பாடி விடம் தீர்த்த அருளாளர் வரலாறு உண்டே' என அன்பர் சிலர் வினவலாம். மயிலையில் சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை அரவு தீண்டி இறந்தாள். திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடி, குடத்திலிருந்த எலும்பினின்று அவளை எழுப்பியருளினார். அவர் பாடிய அப்பதிகம் மயிலையின் திருவிழாக்களை அடுக்கிக் கூறுவது. விழாவுக்கு வந்துள்ள நமக்கு அது பெருவிருந்து. ஆனால் சேக்கிழார் பெருமான் அவ்வரலாற்றை எவ்வாறு தொடங்குகின்றார் என்பதை நோக்குக. மகளைப் பாம்பு தீண்டியவுடன் அத்தந்தை விடம் தீர்க்க வல்லாரையெல்லாம் வருவித்தார். தீர்ப்பார்க்குப் பெருநிதி தருவதாக முரசறைவித்தார். அக்கால மருத்துவம் கைவிட்ட பின்னரே திருவருள் வெளிப்பட்டது. செய்யத்தக்க முயற்சியைச் செய்யாது விடுதல் பக்தியாகாது.

இக்காலத்து விடமுறிவு மருந்தோ நம் தமிழ் மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அம்மருந்து செய்ய வேண்டும். தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் அத்தொழிலை இழந்தனர். 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்துக்கொண்டு காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அம்மரபினரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. கொல்லும் நஞ்சே உயிர்காக்கும் மருந்தாகின்றது. நஞ்சை உண்டு உலகைக் காத்த பெருமானின் அடியார்க்கு இதன் பொருளை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

ஆகவே, வரப்பில் இருட்டில் நடப்போர் விளக்கேந்திச் செல்க. பாம்பைக் கண்டால் விலகி வழிவிடுக. எவரேனும் கடியுண்டால் கட்டு இறுக்காமல், கீறாமல், கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, காலந்தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. வேண்டுதலை வழியிலும் செய்யலாம்; இறைவன் செவி எங்கும் உள்ளது.

தில்லைக் கூத்தப்பிரானின் திருவுருவை உற்று நோக்குங்கள். 'அஞ்சேல்' என்று அமைத்த வலத்திருக்கரத்தின் முன்கையிலேதான் அரவம் சுற்றிக்கொண்டு படமெடுக்கின்றது. அச்சம் தருவதையும் அபயம் அளிப்பதையும் ஒரே கையில் வைத்தார் பெருமான். அவ்வபயம் நமக்கும் உண்டு, அப்பாம்புக்கும் உண்டு.

திருச்சிற்றம்பலம்.